கொங்கு நாட்டு இசைக்கலைஞர் ஒருவரின் வாழ்க்கையைப் பழைய ஆவணங்களில் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடகி கோயம்புத்தூர் தாயியின் குரலைக் கேட்ட நாளிலிருந்து இந்தத் தேடலில் இருக்கிறேன். இயற்பெயர் பழனிகுஞ்சரம். 1872இல் பிறந்து 1917இல் மறைந்தவர். ஊரின் பெயரைத் தன் பெயரோடு சுமந்து பாடியவரை அந்த ஊரிலேயே பலருக்குத் தெரியாது என்பது எனக்கு ஆறாத குறை. அவரைத் தேடப் போய், நாயனம் வாசித்த அப்புச்சியைத் தேடுகிறவர்கள், நாடகத்தில் ஆர்மோனியம் வாசித்த பெரியப்பாவைத் தேடுகிறவர்கள், உடுக்கடித்துப் பாடிய கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவர்கள் எனப் பலர் அறிமுகமானார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே.

எங்கிருந்து தொடங்குவது?

நிலத்திலிருந்து. இசையைத் தேடிக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். அன்றைய அரசாங்கம் யார் நன்றாகப் பாடினார் என்று எழுதி வைக்கவில்லை. யார் எவ்வளவு நிலத்தை வரியில்லாமல் அனுபவிக்கிறார், எந்த ஊழியத்துக்காக அனுபவிக்கிறார் என்பதைத்தான் விழுந்து விழுந்து எழுதியது. கோயிலில் நாயனமும் தவிலும் வாசித்தவருக்கு மேள மானியம் இருந்தது. சதிர் ஆடிய தாசிக்கும், நட்டுவனாருக்கும், தேவாரம் பாடிய ஓதுவாருக்கும் தனித்தனியே மானியம் இருந்தது. அந்த மானியத்தின் கணக்கில்தான் கலைஞரின் பெயர், வயது, உறவு எல்லாம் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஆகவே முதலில் அவர் எந்த ஊர், எந்தக் கோயில் என்று உறுதி செய்யுங்கள். பேரூர், அவிநாசி, திருமுருகன்பூண்டி, பவானி, கொடுமுடி, திருச்செங்கோடு, வெஞ்சமாக்கூடல், கரூர் போன்ற பெரிய கோயில்களைச் சேர்ந்தவர் என்றால் வேலை சற்று எளிது.

இனாம் பதிவேடு என்கிறீர்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. வரியில்லா நிலம் ஒவ்வொன்றையும் விசாரித்து, உரிமை உண்டா இல்லையா என்று தீர்ப்பதே அதன் வேலை. அந்த விசாரணையின் முடிவை ஊர்வாரியாக எழுதிய பெரிய பேரேடுகள் இன்றும் இருக்கின்றன. ஒரு நிலத்துக்கு ஒரு வரி, குறுக்கே பல பத்திகள். இனாமின் வகை, நிலத்தின் பரப்பு, முதலில் கொடுத்தவர் யார், முதலில் பெற்றவர் யார், பழைய கணக்குகளில் யார் பெயரில் இருந்தது, இப்போது யார் அனுபவிக்கிறார், அவர் வயது என்ன, முன்னவருக்கு அவர் என்ன உறவு. கடைசியில் அதிகாரியின் பரிந்துரை, இறுதி முடிவு, டி.டி. எண் எனப்படும் உரிமைப் பத்திர எண்.

இப்படி ஒரே வரியில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். கோயம்புத்தூர்ச் சீமை 1799 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. எனவே மானியம் கொடுத்தவர் என்ற பத்தியில் மைசூர் அரசரின் பெயரோ அதற்கும் முந்திய ஒரு பாளையக்காரரின் பெயரோ வந்தால் வியப்படைய வேண்டாம்.

இந்தப் பேரேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கையால் எழுதப்பட்டவை. குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி தமிழ்ப் பெயர்களை எழுதியிருப்பார். நாயனக்காரர், தவில்காரர், முகவீணைக்காரர் எல்லோரையும் இசைக்காரர் என்று ஒரே சொல்லில் அடக்கியிருப்பார். ஆங்கில எழுத்தை மனத்துக்குள் உரக்கப் படித்துப் பாருங்கள், பெயர் பிடிபடும்.

இன்னொன்று. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தின்போது இதே நிலங்களுக்கு மறுபடியும் விசாரணை நடந்தது. கோயிலில் ஊழியம் செய்தவர் யார், எந்தக் காலம் வரை செய்தார் என்று வாரிசுகளிடம் அப்போது கேட்டார்கள். அந்த உத்தரவின் நகல் ஏதாவது வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கலாம். பழுப்பேறிய தாள் என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

எங்கள் ஊர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறது. எந்த மாவட்டத்தின் ஆவணத்தில் தேடுவது?

அந்தக் காலத்தில் எந்த மாவட்டமோ அதில். ஈரோடு 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டம். திருப்பூர் தனி மாவட்டமானது 2009இல்தான். கரூர் தாலுகா 1910 வரை கோயம்புத்தூரோடு இருந்து, பிறகு திருச்சிக்குப் போனது. ஆகவே கரூர்க் கலைஞர் ஒருவரின் இளமை கோயம்புத்தூர் ஆவணக் கட்டிலும் முதுமை திருச்சி ஆவணக் கட்டிலும் இருக்கும். திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்துக்குச் சேலம் மாவட்டத்தைப் பாருங்கள். கொள்ளேகாலம் 1956 வரை நம்மோடு இருந்ததை மறக்க வேண்டாம். அந்தப் பக்கம் கச்சேரிக்கும் கூத்துக்கும் போனவர்கள் ஏராளம்.

ஊர்களின் பழைய நிலவரத்துக்கு 1887இல் நிக்கல்சன் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பசலி என்றும் தாது வருஷம் என்றும் போட்டிருக்கிறது. ஆங்கில ஆண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

பசலி என்பது நிலவரிக் கணக்கின் ஆண்டு. பசலியோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆண்டு வரும். பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. ஜனவரி முதல் ஜூன் வரையான மாதம் என்றால் 591 கூட்டுங்கள்.

தமிழ் ஆண்டில்தான் ஆபத்து. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாது என்றதும் நம் பாட்டிமார் சொன்ன தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876, நினைவுக்கு வரும். 1936லும் ஒரு தாது வந்தது. நான் இதில் வழுக்கி விழுந்திருக்கிறேன். தாது வருஷம் தைப்பூசத்துக்கு வாசித்ததற்காக ஒரு நாயனக்காரருக்குக் கொடுத்த தொகையின் சீட்டைப் பார்த்துவிட்டு, பஞ்சத்தின் நடுவிலும் திருவிழா நடந்திருக்கிறதே என்று உருகி உருகிப் பல பக்கங்கள் எழுதினேன். பிறகு தாளின் மூலையைப் பார்த்தேன். கிழிந்துபோன ரெவின்யூ ஸ்டாம்பில் பாதி முகம் தெரிந்தது. விக்டோரியா ராணிக்குப் பதிலாக ஒரு ஆணின் முகம். சீட்டு 1937ஆம் ஆண்டுக்கு உரியது. அறுபது ஆண்டுகளைத் தவறாக எண்ணியதால் ஒரு மனிதரை அவருடைய தாத்தாவாக்கியிருந்தேன். அன்றிலிருந்து தமிழ் ஆண்டுக்குத் துணையாகப் பசலியோ, கிழமையோ, நட்சத்திரமோ, ஸ்டாம்போ, இன்னொரு சாட்சி இல்லாமல் எதையும் எழுதுவதில்லை.

எழுத்தே படிக்க முடியவில்லையே?

முடியும். இரண்டு வாரம் பொறுமையாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். பழைய கணக்கிலும் ஓலையிலும் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். மேளக்காரன் என்ற சொல் ‘மெளககாரன’ என்று நிற்கும். முதல் நாள் அதைப் பார்த்து மிளகாய்க் கணக்கு என்று நினைத்து ஏட்டைப் புரட்டிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எண்களைத் தனியே ஒரு அட்டையில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௲௮௱௭௰௬ என்றால் 1876. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, ரூபாய்க்கு ௹. இந்த நான்கு குறிகளும் கண்ணுக்குப் பழகிவிட்டால் பக்கத்தில் பாதி தெளிந்துவிடும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எப்படித் தேடுவது?

ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். போனவுடன் கட்டு கேட்காதீர்கள். முதலில் அந்த ஆண்டின், அந்தத் துறையின் அட்டவணைத் தொகுதியை எடுத்து, கோயில் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் தேடுங்கள். அரசாணை எண்ணும் தேதியும் கிடைத்த பிறகு சீட்டு எழுதிக் கொடுங்கள். கலைஞரின் பெயரில் தேடினால் அநேகமாக ஒன்றும் வராது.

பெண் கலைஞர்களைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகக் கிடைக்கிறது?

குறைவாகக் கிடைக்கிறது என்பதைவிட, தவறான பெயரில் தேடுகிறோம் என்பதே சரி. தகப்பன் பெயர், கணவன் பெயர் என்ற வழியில் தேடிப் பழகியவர்கள் நாம். அந்தக் குடும்பங்களில் வழி தாயிடமிருந்து மகளுக்குப் போனது. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளின் பெயரையே பாருங்கள். கே என்பது ஊர், பி என்பது தாய் பாலாம்பாள். முதலெழுத்திலேயே வழி இருக்கிறது. எனவே தாயின் பெயர், பாட்டியின் பெயர், வளர்ப்புத் தாயின் பெயர் என்று போங்கள்.

அடுத்து சார்பதிவாளர் அலுவலகம். பதிவுச் சட்டப்படி சொத்துப் பத்திரங்கள் முதல் புத்தகத்திலும் உயில்கள் மூன்றாம் புத்தகத்திலும் நகலெடுக்கப்படும். முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உயிலைப் பொறுத்தவரை, எழுதியவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் நகல் கொடுக்க வேண்டும். கணினியில் வருவது அண்மைக் காலத்து வில்லங்கம் மட்டுமே. அதற்கு முந்தியதற்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்லுங்கள்.

உயில் என்பது ஒரு வீட்டுக்குள் நுழைவது போல. பாடகி ஒருவரின் உயில் நகலைப் பார்த்தேன். பித்தளை அண்டா, கல் வைத்த காதோலை, இரண்டு மாடு, ஒரு தம்புரா, உரல் என்று ஒரே மூச்சில் வரிசை போகிறது. தம்புரா யாருக்கு என்பதற்கு மட்டும் தனியாக ஒரு வாக்கியம். மகளுக்கு அல்ல, பேத்திக்கு. அதுவும் அவள் பாட்டுச் சொல்லிக்கொள்வாளானால். அந்த ஒரு நிபந்தனையில் அவருடைய மனம் முழுவதும் இருந்தது. அன்று மேற்கொண்டு எதையும் படிக்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வழக்குகளையும் பாருங்கள். மகளைத் தத்தெடுத்தது செல்லுமா, மானிய நிலம் யாருக்கு என்று தாசிகள் நீதிமன்றம் ஏறிய வழக்குகள் அச்சிட்ட சட்ட அறிக்கைகளிலேயே இருக்கின்றன. சென்னைத் தொகுதி 1876 முதல் வருகிறது. 1929இல் வந்த சட்டத் திருத்தம் தாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. அதையொட்டிப் பிறந்த காகிதங்களிலும் பெயர்கள் வரிசையாக வரும்.

இசைத்தட்டு ஒன்று கையில் இருக்கிறது. அதிலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இதுதான், கலைஞரே நேரில் வந்து சாட்சி சொல்வது இதில் மட்டும்தான்.

கிராமபோன் கம்பெனி இந்தியாவில் ஒலிப்பதிவைத் தொடங்கியது 1902இல், கல்கத்தாவில். அடுத்த சில ஆண்டுகளில் தென்னாட்டுக் குரல்களும் தட்டில் ஏறின. தாயி அவர்களில் முன்வரிசையில் இருந்தவர். தொடக்கத்தில் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சாகி வந்தன. 1908இல் கல்கத்தாவில் ஆலை வந்த பிறகு இங்கேயே அச்சாயின. எந்த ஊரில் அச்சானது என்று லேபிளில் இருந்தால் காலத்தை ஓரளவு நெருக்கிவிடலாம்.

லேபிளைவிட முக்கியமானது அதைச் சுற்றியுள்ள மழமழப்பான வளையம். விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் அங்கே பொறித்த எண் தெரியும். அதுதான் ஒலிப்பதிவின் எண். அதன் பின்னால் வரும் எழுத்து, பதிவு செய்த நிபுணர் யார் என்பதைக் காட்டும். அடுத்தடுத்த எண்கள் ஒரே அமர்வில் பதிவானவை. ஆகவே உங்கள் கலைஞருக்கு முன்னும் பின்னும் பாடியவர் யார் என்று கண்டுபிடித்தால், அன்று அந்த அறைக்கு வெளியே யாரெல்லாம் காத்திருந்தார்கள் என்பதே தெரிந்துவிடும்.

எண்ணுக்குப் பின் ஒரு சிறு முக்கோணம் இருந்தால் அது மின்முறைப் பதிவு, 1925க்குப் பிந்தியது. தாயி என்ற பெயருள்ள தட்டில் முக்கோணம் இருந்தால் அது 1917இல் மறைந்த நம் தாயியாக இருக்க முடியாது. ஒரே பெயரில் இருவரைக் குழப்பிக்கொள்ளாமலிருக்க இந்தச் சிறு குறி காப்பாற்றும்.

ஓர் எச்சரிக்கை. மின்முறைக்கு முன்பு தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதிவாகவில்லை. இன்றைய கருவியில் 78 சுற்று வேகத்தில் ஓடவிட்டு, இவர் இத்தனை கட்டையில் பாடினார் என்று எழுதுவது தவறு. வேகம் கொஞ்சம் கூடினாலும் சுருதி ஏறிவிடும், வயதும் இறங்கிவிடும்.

தாயியைப் பற்றி வெளிநாட்டு ஆவணம் ஏதாவது உண்டா?

உண்டு, வியப்பான ஒன்று. மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912இல் இந்தியா வந்தார். தாயியின் தட்டு அவரை ஆட்கொண்டது. அதிலிருந்து எழுந்ததுதான் பியானோவுக்காக அவர் எழுதிய ‘ராகமாலிகா’. இந்திய மேளத்தின் ஒலியைக் கொண்டுவர, பியானோவின் ஒரு சுரக் கம்பியை அட்டைத் துண்டால் தடுத்து வைத்து வாசிக்கச் சொன்னார். கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி மூன்று நிமிடம் பாடியதற்காகப் பாரிஸில் ஒரு பியானோவுக்குள் அட்டையைச் செருகினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் கிடைக்குமா?

கிடைக்காது. சாதி, தொழில் வாரியான எண்ணிக்கை மட்டுமே அச்சானது.

பிறப்பு இறப்புப் பதிவேட்டில்?

முயன்று பாருங்கள். நகராட்சி இருந்த ஊர்களில் நம்பிக்கை அதிகம், கோயம்புத்தூர் நகராட்சி 1866இலேயே வந்துவிட்டது. ஆனால் பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. பெண் குழந்தை என்று மட்டும் இருக்கும். பெற்றோர் பெயரிலும் தெருவிலும் தேடுங்கள்.

எங்கள் தாத்தாவுக்குக் கோயில் மானியம் எதுவும் இல்லை. உடுக்கடிப் பாட்டுக்காரர். அவரை எங்கே தேடுவது?

கொங்கு நாட்டின் இசையில் பெரும்பகுதி கோயில் மதிலுக்கு வெளியேதான் இருந்தது. அண்ணன்மார் கதையை இரவிரவாகப் பாடியவர்கள், கல்யாணத்தில் மங்கல வாழ்த்துப் பாடிய குடிமகன்கள் என்னும் நாவிதர்கள், பறையடித்தவர்கள் எல்லோருக்கும் கூலி களத்து மேட்டில் தானியமாகக் கிடைத்தது. எனவே கோயில் கணக்கை விட்டுவிட்டு, ஊர்க் கணக்குப்பிள்ளையும் பண்ணையக்காரர்களும் வைத்திருந்த நெல், கம்பு, சோளக் கணக்கைக் கேளுங்கள். யாருக்கு எத்தனை வள்ளம் அளந்தார்கள் என்று அதில் இருக்கும்.

ஒலியும் கிடைக்கலாம். பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1965இல் காங்கேயம் பக்கத்தில் தங்கி அண்ணன்மார் கதையை முழுமையாக டேப்பில் பதிவு செய்தார். அப்படி ஆய்வாளர் யாராவது உங்கள் ஊருக்கு வந்து போனார்களா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள்.

யார் வாத்தியம் வாசிக்கலாம் என்பதே ஒரு காலத்தில் அரசாணைக்குரிய செய்தி. கொங்கு நாட்டுக் கம்மாளர்கள் தங்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், செருப்பணியலாம், வீட்டுக்குச் சாந்து பூசலாம் என்று அரசன் அனுமதித்த கல்வெட்டு கரூரிலும் பேரூரிலும் இருக்கிறது. அனுமதி கேட்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே அந்தக் கல் சொல்கிறது.

குடும்பத்தில் சொல்லும் கதைகளை எவ்வளவு நம்பலாம்?

கேட்டதை அப்படியே, சொன்னவர் வாய்மொழியிலேயே எழுதி வையுங்கள். பிறகு அதிலிருந்து சரிபார்க்கக்கூடியவற்றைத் தனியே எடுங்கள். கொடுமுடியில் சுந்தராம்பாள் வீட்டில் காந்தியடிகள் தங்கத் தட்டில் உணவருந்தினார், சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அழகான கதை. அதில் நாள், இடம், பொருள் மூன்றும் இருக்கின்றன. காந்தியின் எழுத்துகள் 100 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்திருக்கின்றன, அவற்றில் நாள்வாரியான நிகழ்ச்சிக் குறிப்பு உண்டு. அதையும் அன்றைய நாளிதழ்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சுந்தராம்பாள் 1951இல் சட்ட மேலவை உறுப்பினரானவர் என்பதால், அச்சான மேலவை நடவடிக்கைகளும் உங்களுக்குத் துணை.

நாடகக் கலைஞர் என்றால் நோட்டீசுகளையும் காலணாப் பாட்டுப் புத்தகங்களையும் தேடுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகையவை திரட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

தேடியதில் பாட்டி தேவதாசி என்று தெரிந்தது. வீட்டில் வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் பேச்சைக் கேளுங்கள். 1947இல் பொட்டுக்கட்டுவதைச் சட்டம் தடுத்த பிறகு பல குடும்பங்கள் ஊரை மாற்றி, பெயரை மாற்றி, பாட்டையே விட்டுவிட்டு வாழ்ந்தன. அவர்கள் பட்டது நமக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறவர்களின் பெயரையும் முகவரியையும் எழுதாதீர்கள். ஆனால் கண்டதைக் கிழித்துப் போடவும் வேண்டாம். தேதியிட்டு, எங்கே கண்டது என்று எழுதி, உறையில் போட்டு வீட்டின் மூத்த பெண்மணி கையில் கொடுத்துவிடுங்கள். எப்போது திறப்பது என்று அவர்கள் முடிவு செய்யட்டும். நான் அப்படிக் கொடுத்த ஒரு உறையை, நான்கு ஆண்டுகள் கழித்து அந்த அமுச்சியே திருப்பிக் கொண்டுவந்து, என் எதிரில் பிரித்து, தன் தாயின் பெயர் வரும் வரியைக் காட்டச் சொன்னார். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார்.

எனக்கு ஒரே ஒரு நாள்தான் லீவு. எங்கே போகட்டும்?

ஊருக்குப் போங்கள். காகிதம் காத்திருக்கும். எண்பது வயதைத் தாண்டிய உறவினர் ஒருவரிடம் உட்கார்ந்து, கோயிலின் பெயர், தாய் வழியில் மூன்று பெண்களின் பெயர், மானிய நிலத்தை ஊரார் எப்படி அழைத்தார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். மேளக்காரன் காடு, தாசி வயல் என்று ஏதாவது ஒரு பெயர் இன்னும் வழக்கில் இருக்கும். அந்த நிலத்தின் சர்வே எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த லீவுக்கு அதிலிருந்து தொடங்கலாம்.